பயணம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவர்

1974ஆம் ஆண்டு மார்ச் மாதம் பத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியிலிருந்து, மலேசியாவில் சுங்காய்க்குப் பக்கத்தில் இருந்த ஏழாங்கட்டைத் தோட்டத்தில் ஐயாவு யார் கண்ணுக்கும் தெரியாமல் போனார். நோய் நொடி ஒன்றும் இல்லை. யாரும் செய்வினை வைக்கவும் இல்லை. வைக்கிற அளவுக்கு அவர் யாருக்கும் ஆகாதவராக இருந்ததில்லை. நடந்தது இவ்வளவுதான். அதற்கு முந்தைய வாரம் அவர் ஒரு வீட்டையும் விடாமல் வாசல் ஏறி இறங்கி, இந்தியாவுக்குப் போவதாக எல்லாரிடமும் பயணம் சொல்லிக்கொண்டார். பிறகு போகாமல் திரும்பி வந்துவிட்டார். முறையாகப் பயணம் சொல்லிக்கொண்டு போன ஒருவரை, அந்தப் பயணம் முடியாமல் பார்க்கிற பழக்கம் ஏழாங்கட்டைக் கண்களுக்கு இல்லை.

ஐயாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற வேலை. கல்யாணம் ஆகவில்லை, தாய் தகப்பன் இருந்தவரை அவராகத் தள்ளிப்போட்டார், அவர்கள் போன பிறகு அந்தப் பேச்சை எடுக்க ஆளில்லாமல் போயிற்று. லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு அவருடையது. வாசலுக்கு முன்னால் இருபதடி நீளத்துக்குப் பூச்செடி போட்டிருந்தார்: கனகாம்பரம், சாமந்தி, அரளி, பன்னீர் ரோஜா, ஒரே ஒரு மல்லிகை. மற்றவர்கள் அரிவாளால் செடி கழிப்பார்கள். ஐயாவு பால் வெட்டும் கத்தியால்தான் கழிப்பார். இருபத்தெட்டு வருஷமாக மரப்பட்டையை இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறக்கி வெட்டிப் பழகிய கை, ரோஜாக் குச்சியையும் அதே சாய்வில்தான் வெட்டியது. யார் மேலும் இடித்துக்கொள்ளாமல், யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிடாமல், வழியில் நான்கு பேர் வந்தால் தாமே ஓரத்து வடிகால் கானுக்குள் இறங்கி நின்று வழிவிடுகிற சுபாவம் அவருக்கு. பின்னால் நடந்ததற்கு இந்தச் சுபாவமும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

தோட்டத்தில் வசந்தம் என்று தனியாக யாரும் எதையும் சொல்வதில்லை. ஆனால் பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். மார்ச்சில் செம்பு நிறத்தில் துளிர் விடும். அதோடு சின்னச் சின்ன மஞ்சள் பூ. காடு முழுக்க ஒரு தினுசாக மணக்கும். பால் குறைந்து, வேலையும் குறையும். கல்யாணம், காதுகுத்து, ஊர்ப்பயணம் எல்லாவற்றையும் ஜனங்கள் அந்த நாட்களுக்குத்தான் வைத்துக்கொள்வார்கள். அறுபத்தொன்பதுக்குப் பிறகு, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று வந்தபோது, ஏழாங்கட்டையில் பதினேழு குடும்பங்கள் அப்படியொரு துளிர்காலத்தில்தான் பெட்டி கட்டின. ஐயாவுடையதும் சிவப்புக் கார்டு. நாமக்கல் பக்கம் கட்டிக்கொண்டு போன தங்கை முத்தம்மா, கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருப்பதாகவும், அண்ணன் அங்கே ஒண்டியாகக் கிடந்து என்ன செய்யப் போகிறது என்றும் வருஷத்துக்கு இரண்டு கடிதம் எழுதினாள். ஐந்து வருஷம் பதில் சொல்லாமல் இருந்த ஐயாவு, ஆறாவது வருஷம் சரி என்று எழுதிப் போட்டார்.

அவரை அந்த ஐந்து வருஷமும் பிடித்து வைத்திருந்தது நல்லம்மாள். அவள் நான்கு வீடு தள்ளி இருந்தாள். புருஷனை மரம் விழுந்து பறிகொடுத்தவள், பிள்ளை இல்லை. தோட்டத்து மாரியம்மனுக்கு மாலை கட்டுவது அவள் பொறுப்பு. அதற்குப் பூ ஐயாவு வீட்டு வாசலிலிருந்து. பதினாலு வருஷமாக, காலையில் வேலை முடிந்து வந்ததும் அவள் தட்டோடு வந்து நிற்பாள். அவர் பூவைப் பறித்துத் தட்டில் வைப்பார். எறும்பு இருக்கிறது என்பார். நேற்று மழை போதாது என்பார். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போவாள். பதினாலு வருஷத்தில் அவர்கள் பேசியதையெல்லாம் எழுதினால் அஞ்சல் அட்டை ஒன்றில் அடங்கிவிடும், முகவரிக்கும் இடம் இருக்கும். ஆனால் ஐயாவு அவளுக்காகத்தான் பூ வளர்த்தார். இது தோட்டத்தில் முப்பத்தெட்டு வீட்டுக்கும் தெரியும், அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சொன்னால்தான் ஆச்சு என்றிருந்த ஒன்றைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வாய் வராத வெட்கத்தில்தான் அவர் கப்பலுக்குச் சீட்டு எடுத்தார்.

பயணம் சொல்லிக்கொள்வதை அவர் அரைகுறையாகச் செய்யவில்லை. மூன்று நாளில் முப்பத்தெட்டு வீட்டில் காப்பி குடித்தார். ஒரு வீட்டிலும் கை நனைக்காமல் விடவில்லை. விபூதி பூசினார்கள், வெற்றிலை பாக்கு கொடுத்தார்கள், ஊரில் இருக்கும் அக்கா தங்கைக்கு என்று சாரோங்கும் தைலப் புட்டியும் மைலோ டின்னும் கொடுத்துவிட்டார்கள். அவரும் தம்மிடம் இருந்ததைப் பங்கு வைத்தார். சாய்வு நாற்காலி பக்கத்து வீட்டுப் பத்துமலைக்கு, ஏணி அர்ச்சுனனுக்கு, கோழிகள் வேலையை மேற்பார்க்கும் தண்டல் வீட்டுக்கு. செடிகளை வேரோடு தோண்டி வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனசு கேட்காமல், தாம் பால் வெட்டிய மரங்களிடமும் நிரை நிரையாகப் போய்த் தொட்டுச் சொல்லிக்கொண்டார். கடைசியாக மல்லிகையை ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு நல்லம்மாள் வாசலுக்குப் போனார். அவள் தகரத்தை வாங்கி வைத்தாள். “நல்லபடியா போய்ச் சேருங்க” என்றாள். அவர் இன்னும் ஒரு வார்த்தைக்காக நின்றார். அவளும் நின்றாள். பிறகு அவர் வந்துவிட்டார்.

கப்பலேற வேண்டுமானால் அம்மை ஊசி போட்டிருக்க வேண்டும். ஐயாவு அட்டைக்குப் பயப்பட மாட்டார், பாம்பைக் குச்சியால் தூக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார். ஊசி என்றால் மட்டும் குலை நடுங்கும். அதனால் தம் கூட்டாளி மாயாண்டியைக் கெஞ்சிக் கூத்தாடி, தம் பேரைச் சொல்லி ஊசி போட்டுக்கொண்டு வரச் சொன்னார். மாயாண்டி போய் ஐயாவு பேரில் கையை நீட்டினான், முத்திரை குத்திய சீட்டையும் வாங்கி வந்தான், இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தும் எழுந்தான். பினாங்குத் துறைமுகத்தில் இருந்த அதிகாரி சீட்டைப் பார்த்ததோடு விடாமல், தழும்பைக் காட்டு என்றார். ஐயாவுடைய கை வழவழவென்று இருந்தது. ஊசி போட்டுக்கொண்டு அடுத்த கப்பலுக்கு வா என்று பெட்டியோடு அவரை வெளியே அனுப்பினார்கள். மற்றவர்களாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார்கள். ஐயாவுக்கோ அந்த அதிகாரியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. அவ்வளவு சந்தோஷம். தமக்குப் போக இஷ்டமே இல்லை என்பது கப்பலின் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. திரும்பி வருகிற ரயிலில், நல்லம்மாளிடம் சொல்ல வேண்டியதை அவர் வாய்விட்டே சொல்லிப் பார்த்தார். எதிரில் இருந்த சீனத்தி வேறு இடம் பார்த்துப் போய் உட்கார்ந்தாள்.

சுங்காயில் இறங்கித் தோட்டத்துச் சாலையில் நடந்தபோது தலைக்கு மேலெல்லாம் செம்புத் துளிர். முதலில் எதிரே வந்தது சைக்கிளில் அர்ச்சுனன். ஐயாவு சிரித்தார். அர்ச்சுனன் மணியடிக்கவும் இல்லை, காலை ஊன்றவும் இல்லை. லயத்தில் குழாயடியில் ஆறு பெண்கள் நின்றார்கள். “இந்நேரம் ஐயாவு அண்ணே நடுக்கடல்ல இருப்பாருலா” என்றாள் ஒருத்தி. “வாந்தி எடுத்துக்கிட்டு இருப்பாரு, பாவம்” என்றாள் இன்னொருத்தி. “நான் இங்கதான் இருக்கேன்” என்றார் ஐயாவு, அவர்களுக்கு ஓர் அடி தூரத்தில் நின்று. தண்ணீர் குடத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. வேடிக்கை செய்கிறார்கள் என்று நினைத்து அவரும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டு நின்றார். அவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகுதான் அவர் சிரிப்பு நின்றது.

அதன் பிறகு பதினொரு நாள் அவர் அங்கே இருந்தார். விடிந்ததும் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றார். கணக்கெழுதும் கிராணி அவர் பேரை அடித்துவிட்டு அவருடைய நிரைகளைச் சீனி என்கிற ஆளுக்குக் கொடுத்திருந்தார். கத்தியை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனார். வெட்டினார், பால் ஒரு சொட்டு வரவில்லை. அதே மரத்தில் பின்னாலேயே வந்து சீனி கோணல்மாணலாகக் கீறியபோது பால் இறங்கிற்று. மரங்களிடமும் சொல்லிக்கொண்டது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது தெரிந்தது. மத்தியானங்களில் பத்துமலை வீட்டுக்குப் போய்த் தம் சாய்வு நாற்காலியில் உட்காருவார், பத்துமலை வந்தால் எழுந்துகொள்வார். கொடுத்துவிட்ட சாரோங், தைலம், மைலோ எல்லாவற்றையும் அந்தந்த வீட்டு வாசலில் திரும்பக் கொண்டுபோய் வைத்தார். தபாலில் திரும்பி வந்துவிட்டது என்று அவர்கள் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

நல்லம்மாள் வீட்டுக்கு மட்டும் ஆறாவது நாள்தான் போகத் துணிந்தார். அவள் மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ரயிலில் சொல்லிப் பார்த்ததை, அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். பதினாலு வருஷம் வராத வாய் அன்று திறந்தது. அவள் நிமிர்ந்து, அவரைத் தாண்டி, வானத்தில் மழை இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். ஐயாவு அந்த வாசலில் அழுதார். ஊரே பார்க்காமல் போனதை அவர் தாங்கிக்கொண்டிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் சுங்காய்ச் சாப்பாட்டுக்கடையில் சும்மா போய் நின்றார். “என்ன வேணும்?” என்று கடைக்காரர் கேட்டார். ஐயாவுக்கு மயிர் சிலிர்த்துவிட்டது. அந்தக் கடைக்காரரிடம் அவர் பயணம் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் விஷயம். பஸ் கண்டக்டருக்கும் அவர் தெரிந்தார், தாப்பாவில் தெரிந்தார், ஈப்போவில் தாராளமாகத் தெரிந்தார். அவரை அறியாதவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அறிந்தவர்கள் ஒருவரும் பார்க்கவில்லை. ஈப்போவில் செடி வளர்த்து விற்கிற சீன முதலாளித் தவுக்கே ஒருவரிடம் அவருக்கு வேலையும், செடிக் கொட்டகையில் படுக்க இடமும் கிடைத்தன. அவர் வெட்டிய குச்சி பட்டுப்போவதில்லை என்று கண்டுகொண்ட தவுக்கே, ரோஜாவையும் போகன்வில்லாவையும் அவர் கையிலேயே விட்டுவிட்டார்.

பிறகு ஏழு வருஷம். ஒவ்வொரு வருஷமும் துளிர்காலத்தில் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஐயாவு ஏழாங்கட்டைக்கு பஸ் ஏறுவார். ஜனவரி பிறந்ததுமே பயணத்துக்கு ஆயத்தம் தொடங்கிவிடும். சட்டையைத் தேய்த்து வைப்பார், மறுபடி எடுத்துத் தேய்ப்பார். கத்தியைத் தீட்டுவார். நான்கு நாளில் செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நல்லம்மாள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் மல்லிகையைக் கழித்துவிடுவார், அது ஒன்றுதான். மற்ற நேரத்தில் தோட்டத்து மண்டபத்தில் புதிதாக வைத்த தொலைக்காட்சிப் பெட்டியைக் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று பார்ப்பார். மாயாண்டி மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தார். அவருக்கு மட்டும் இலை விழவில்லை. அண்ணன் வந்து சேரவில்லை என்று முத்தம்மா எழுதிய கடிதம் தோட்டத்துக்கு வந்தபோது, நாகப்பட்டினத்தில் இறங்கிய கையோடு எவளையோ சேர்த்துக்கொண்டு போய்விட்டார் என்று பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேர் சாமியாராகிவிட்டார் என்றார்கள். அந்தப் பேச்சு நடந்தபோது ஐயாவு பக்கத்தில்தான் நின்றார். இரண்டில் எதுவானாலும் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

மனிதருக்கு ஒரு கணக்கு இருந்தது. சொல்லிக்கொண்ட பயணத்தைச் செய்து முடித்தால் கண்கள் திறக்கும். போய்விட்டு வர வேண்டும். போவது பெரிய காரியமில்லை, இப்போது ஊசி கூடப் போட்டுக்கொள்வார். ஆனால் சிவப்புக் கார்டோடு வெளியே போனவர் திரும்பி உள்ளே வர அனுமதிச் சீட்டு வேண்டும். அது சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்க இடம் இல்லை. அந்தச் சீட்டு வராமல் ஊரிலேயே தங்கிப் போனவர்கள் ஏழாங்கட்டையிலேயே மூன்று பேர். போனால் ஒருவேளை அவள் கண்ணுக்குத் தெரியலாம், ஒருவேளை அவளை இவர் கண்ணால் பார்ப்பதும் போய்விடலாம். ஏழு வருஷமும் அவர் இதைத்தான் கொட்டகையில் புரண்டு புரண்டு யோசித்தார். ஆறு தடவை கப்பல் ஆபீஸ் வாசல் வரை போனார்.

1981 மார்ச்சில் அவர் மல்லிகையைக் கழித்துக்கொண்டிருந்தபோது, “யாருங்க நீங்க? இந்த அக்கா வேலைக்குப் போயிருக்காங்களே” என்று ஒரு குரல் கேட்டது. ஐயாவு கத்தியைக் கீழே போட்டுவிட்டார். தெலுக் இந்தானிலிருந்து வந்து ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கிற அகதா, போன வருஷம்தான் நல்லம்மாளுக்குப் பக்கத்து வீட்டில் குடியேறியிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு ஓய்வு நாள். கழுத்தில் சிலுவை, கையில் துடைப்பம். அவள் வந்தபோது இவர் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. இவளிடம் இவர் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை. ஐயாவு முதலில் பேரைச் சொன்னார். பிறகு, கேட்க ஒரு காது கிடைத்த மனிதர், மத்தியானம் வரை நிறுத்தவில்லை. அகதா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். அவள் கும்பிடுகிற புனிதர்களின் கதையில் இதைவிடப் பெரியதெல்லாம் நடந்திருந்ததால், இதை அவளால் சுலபமாக நம்ப முடிந்தது.

நல்லம்மாள் வேலை முடிந்து வந்ததும் அகதா அவளைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, உங்க மல்லியக் கழிக்க ஒருத்தரு வந்திருக்காரு. ஐயாவுன்னு பேராம். இதோ, உங்களுக்கு முன்னாலதான் நிக்கிறாரு.”

நல்லம்மாள் பூத்தட்டைக் கீழே வைத்தாள். அழவில்லை, கத்தவில்லை. அந்தச் சாய்ந்த வெட்டை ஆறு துளிர்காலமாகப் பார்த்துக்கொண்டு வருகிறவள். யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் கிறுக்கு என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். “எளைச்சிருக்காரா?” என்று மட்டும் கேட்டாள்.

“எளைச்சுத்தான் இருக்காரு. முடி நரைச்சிருக்கு. சட்டை நல்லாத் தேய்ச்சுப் போட்டிருக்காருலா.”

அன்று மாலை அகதா நடுவில் உட்கார, பேச்சு நடந்தது. நல்லம்மாள் சொல்வது ஐயாவுக்கு நேராகவே கேட்டது. ஐயாவு சொல்வதை அகதா வாங்கிச் சொன்னாள். அவர் நீட்டி நீட்டிச் சொன்னதையெல்லாம் அவள் சுருக்கிவிட்டாள். ரயிலில் சொல்லிப் பார்த்து, பிறகு இதே வாசலில் ஒரு வார்த்தை விடாமல் சொன்ன அந்தப் பெரிய பேச்சை, “உங்கள அவருக்கு ரொம்பப் புடிக்குமாம்க்கா” என்று ஒரே வரியில் முடித்தாள். ஐயாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அடுத்து அவர் கப்பல் கதைக்கு வந்தார். போய்விட்டு வந்தால் கண்ணுக்குத் தெரிவேன், வர விடாமலும் போகலாம், போகவா வேண்டாமா, நீ சொன்னபடி செய்கிறேன் என்றார். அகதா இதைச் சுருக்காமல் அப்படியே சொன்னாள்.

நல்லம்மாள் மல்லிகையில் காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளி எறிந்தாள். பிறகு, அவர் நிற்பதாக அகதா காட்டிய இடத்தைப் பார்த்து, பதினாலு வருஷமும் அதன் மேல் ஏழு வருஷமும் சேர்ந்த கோபத்தோடு பேசினாள். “கண்ணுக்குத் தெரிஞ்சப்ப மட்டும் என்னத்தப் பேசிக் கிழிச்சீங்க? எறும்பு இருக்கு, மழை பத்தலன்னு. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? எனக்குத் தெரியாட்டிப் போகட்டும். எங்கயும் போக வேணாம். பக்கத்துல இருந்தாப் போதும்.” சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஐயாவு ஏதோ சொன்னார். “சரிங்கிறாரு” என்றாள் அகதா.

அதற்கடுத்த வருஷம் தோட்டம் கைமாறியது. ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை வைக்கப் போகிறார்கள் என்றார்கள். ஜனங்கள் தெலுக் இந்தானுக்கும் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் சிதறினார்கள். புறப்பட்டவர்கள் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்ள வேண்டியவர்களும் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நல்லம்மாளும் அகதாவும் ஈப்போவில் புந்தோங்கில் ஒரு பலகை வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். நல்லம்மாள் பூக்கடை ஒன்றில் மாலை கட்டப் போனாள். ஐயாவு கொட்டகையிலேயே தங்கிக்கொண்டார், மாலை நான்கு மணிக்கு சைக்கிளில் வந்துவிடுவார். இரண்டு வருஷத்தில் அந்த வீட்டைச் சுற்றி நடக்க இடமில்லாமல் செடியானது. புந்தோங்கில் அக்கம்பக்கத்தாருக்கு இதில் விசேஷம் ஒன்றும் தெரியவில்லை. அந்த வீட்டுக்கு ஒரு பெரியவர் வருவார், செடி பார்ப்பார், காப்பி குடிப்பார், போவார். அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை என்பதை மட்டும் சிலர் கவனித்தார்கள். இந்தக் காலத்திலும் இவ்வளவு அடக்கமா என்று மூக்கில் விரல் வைத்தார்கள். எப்போதாவது மாயாண்டி வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து, ஐயாவு என்ன ஆனானோ என்று கையில் இருந்த தழும்பைத் தடவிக்கொண்டு கண் கலங்குவான். எதிர் நாற்காலியில் ஐயாவும் கண் கலங்குவார். அகதா இருவருக்கும் காப்பி வைப்பாள். இன்னொரு காப்பி யாருக்கு என்று மாயாண்டி கேட்டதில்லை, அகதாவும் சொன்னதில்லை. உள்ளதைச் சொன்னால் அவன் தாங்க மாட்டான் என்பது அவள் கருத்து.

ஆனால் ஐயாவு தனியாகத்தான் இருந்தார். நல்லம்மாளும் அப்படியே. நடுவில் ஒரு மூன்றாம் ஆள் இருந்து எடுத்துச் சொல்கிற பேச்சில் சொல்ல முடிவது கொஞ்சம். அகதா மாதா கோவிலுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒரே முற்றத்தில் பேச்சில்லாமல் இருப்பார்கள். அவளுக்கு அவர் எங்கே இருக்கிறார் என்றுகூடத் தெரியாது. அவருக்குத் தெரியும், தெரிந்து என்ன? ஓரமாக ஒதுங்கி நின்று, அவள் வரும் வழியைவிட்டு விலகி விலகிப் போவார்.

1985 மார்ச்சில் கேமரன் மலைக்குப் போகலாம் என்று அகதாதான் தொடங்கினாள். மலையில் பூக்களைப் பார்க்க வேண்டும் என்று நல்லம்மாளுக்குச் சின்ன வயசு ஆசை; தாப்பா வரைக்கும் எத்தனையோ தடவை வந்திருந்தும் மேலே ஏறியதில்லை. இரண்டு மாதம் அதே பேச்சு. கம்பளிச் சட்டை இரவல் வாங்கினார்கள். புளிச்சோறா, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கா என்று சண்டை போட்டு, புளிச்சோறு என்று முடிவானது. புறப்பட வேண்டிய நாள் காலையில் அகதாவின் முழங்கால் வீங்கிவிட்டது. நல்லம்மாள் கம்பளிச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தாள். அகதா கட்டிலில் உட்கார்ந்தபடியே திட்டினாள். “எதுக்குக்கா கழட்டுறீங்க? ரெண்டு பேரும் போங்க. நீங்க சன்னல் பக்கம் உக்காருங்க. அவரு எப்பவும் உங்க இடப்பக்கம் வருவாரு. அண்ணே, கேட்டுக்கிட்டீங்களா? இடப்பக்கம்!” ஐயாவு கேட்டுக்கொண்டார். நல்லம்மாள் தயங்கித் தயங்கிக் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

தாப்பாவில் இறங்கி மலை பஸ்ஸில் ஏறியபோது மணி பத்து இருக்கும். அவள் சன்னலோரம் உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். அவள் முகம் வெளுத்திருந்ததை ஐயாவு பார்த்தார். அகதா சொல்லிச் சொல்லித்தானே அவளுக்கு அவர் இருக்கிறார். சொல்ல ஆளில்லாத இடத்தில் பக்கத்தில் இருப்பது மனிதரா, வெறும் பலகையா? ஐயாவு அவளிடம் பேசினார், இருக்கிறேன் என்று நான்கைந்து தடவை சொன்னார். அவள் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு வெளியே பார்த்தாள். மலாய்க்காரக் கண்டக்டர் சீட்டுப் புத்தகத்தோடு வந்து, எத்தனை பேர் என்று மலாயில் கேட்டான். “டுவா” என்று நல்லம்மாள் இரண்டு விரலைக் காட்டினாள். அவன் தலையை முழுசாக நிமிர்த்தக்கூட இல்லை. இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டு சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். அவள் அந்தச் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தாள், மறுபடி சேர்த்தாள், ரவிக்கைக்குள் பத்திரமாக வைத்தாள். முகத்தில் ரத்தம் திரும்பியது.

பஸ் ஏறத் தொடங்கியது. தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரைக்கும் நேரான சாலை என்று நூறடி கிடையாது. ஒவ்வொரு வளைவிலும் பஸ்ஸில் இருந்தவர்கள் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்தார்கள், அடுத்த வளைவில் மறுபக்கம் சாய்ந்தார்கள். ஐயாவு முன்னிருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, அவள் மேல் பட்டுவிடாமல் உடம்பை விறைத்து வைத்திருந்தார். இருபது வளைவு அப்படிப் போயிற்று. கை வலித்தது, தோள்பட்டை இற்றுவிடும்போல் இருந்தது. அவள் சன்னலுக்கு வெளியே பெரணிச் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே பார்த்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்: “கம்பிய விடுங்க. எவ்வளவு நேரந்தான் புடிச்சிட்டு வருவீங்க?”

அவருக்குத் திக்கென்றது. அவள் திரும்பவில்லை, அவளுக்குத் தெரியாது, தெரிய வழியும் இல்லை. அவரை இருபத்தைந்து வருஷமாக அறிந்தவள், அவ்வளவுதான். ஐயாவு கம்பியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த வளைவு இடப்பக்கம் திரும்பியது. பஸ் திரும்பிய வேகத்தில் அவர் அப்படியே வலப்பக்கம் போய் அவள் தோளில் முழுசாகச் சாய்ந்தார். நல்லம்மாள் சன்னலோடு நெருங்கிப் போன தன் தோளை, திரும்ப அவர் பக்கமாகத் தள்ளிக் கொடுத்தாள்.

“இம்புட்டுக் கனமா நீங்க” என்றாள்.

எதிர் வளைவில் பஸ் மறுபக்கம் திரும்பியது, அவள் அவர் மேல் சாய்ந்தாள். ரிங்லெட் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்தச் சாலையில் எத்தனை வளைவு என்று இதுவரை யாரும் சரியாக எண்ணிச் சொன்னதில்லை. அன்றைக்கு அந்த இரண்டு பேரும் அதில் ஒன்றையும் வீணாக்கவில்லை.